புதுநன்மை உடுப்பு

மறுநாள் காலைப் பூசையில் மகள் ஷெரினுக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அவளுடைய வெள்ளை உடுப்பைத் துவைத்து, தண்டவாளத்தை ஒட்டிய கொல்லையில் காயப்போட்டாள் ஆக்னஸ். மாலை வண்டி போனபின் எடுக்க வந்தாள். துணி முழுக்கக் கரிப்புள்ளிகள் இருந்தன.

அவள் கணவன் கிளைட்டன் மின்சார எஞ்சின் ஓட்டுபவன். "வண்டிக் கரி விழுந்திருக்கு" என்றாள் அவனிடம்.

"ஏளா, கரண்டுல ஓடுத வண்டில கரி எங்கன இருந்து வரும்? நான் என்ன உள்ள அடுப்பா எரிக்கேன்? ரோட்டுல கரி லாரி போயிருக்கும்."

ஆக்னஸ் பிறக்கும் முன்பே அந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் நின்றுபோயிருந்தன. அவள் மீண்டும் துவைத்தாள். புள்ளிகள் போய்விட்டன. ஓரிடத்தில் மட்டும் கடுகளவு ஓட்டை விழுந்து, அதன் விளிம்பு கருகியிருந்தது. கிளைட்டன் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

இந்த முறை உடுப்பை உள்ளறையில் மாட்டி, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டார்கள். விளக்கு வைத்தபின் இன்னொரு வண்டி கடந்தது. உடுப்பின் தோளில் ஒரு சிவப்புப் பொறி ஒளிர்ந்தது. ஆக்னஸ் அதை ஈரவிரலால் நசுக்கி அணைத்தாள்.

"அடுத்த வண்டி எப்போ?"

"அத நாந்தான் எடுக்கேன்" என்றான் கிளைட்டன்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து உடுப்பின் அருகே வைத்துவிட்டு அவன் வேலைக்குப் புறப்பட்டான். ஆக்னஸ் இரு கைகளையும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.