பட்டமரத்தில் இரண்டு கவுண்டர்

மானுக்குக் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை. அதற்கோ நிறைமாசம். அட்டை இல்லாமல் கரடி வைத்தியர் பிரசவம் பார்க்க மாட்டார். அன்று பொழுது சாய்ந்தால் அட்டைக்கான சேர்க்கையும் முடிந்துவிடும்.

ஒரே பட்டமரத்தில் இரண்டு கவுண்டர். கிழக்குப் பொந்து தோப்பு அரசுக்கு, அங்கே அணில். மேற்குப் பொந்து பெருங்காட்டு அரசுக்கு; அங்கே உடும்பு. அட்டைக்கு இரண்டு அரசின் முத்திரையும் வேண்டும்.

"முதல்ல உடும்புகிட்ட முத்திரை வாங்கிட்டு வாம்மா," என்றது அணில்.

"தோப்பு முத்திரை இல்லாம நான் தொடமாட்டேன்," என்றது உடும்பு.

மான் ஏழு தடவை மரத்தைச் சுற்றியது. "அரசமரத்தைச் சுத்துனா பிள்ளை பிறக்கும்பாங்க. இங்கே சுத்தும்போதே பிறந்துடும் போலிருக்கு!"

மரத்துக்குள் டொக் டொக் என்று சத்தம். இரண்டு பொந்துக்கும் நடுவே ஓட்டை விழுந்தது. மான் பொந்துக்குள் தலையை விட்டு, தன் விண்ணப்ப இலையை அதில் செருகியது. பாதி அணில் பக்கம், பாதி உடும்பு பக்கம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாக் குத்துங்கப்பா!"

குத்தினார்கள். யார் முதல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

பொழுது சாயுமுன் அட்டையும் கிடைத்தது, கரடி வைத்தியரிடம் குட்டியும் பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அந்த ஓட்டையைப் போட்டது, புழு தேடி வந்த மரங்கொத்தி.