மலையைத் தாண்டி வந்த மேகம்

கடலைவிட்டுக் கிளம்பும்போதே, மலைக்கு அந்தப்புறம் இருக்கும் குட்டைக்குக் காற்றிடம் சொல்லி அனுப்பியிருந்தது கருமேகம்: “இந்தத் தடவை எல்லாம் உனக்குத்தான்.”

வழியில் மலையின் மேற்குச் சரிவு மறித்தது. ஏற்கெனவே பாசி பிடிக்குமளவு நனைந்திருந்த சரிவு அது. “அடேயப்பா, என்ன கறுப்பு! நீ பெய்ஞ்சாத்தானே என் அருவிக்கே அழகு,” என்றது.

மேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம்தானே என்று பெய்தது. அருவி ஆர்ப்பரித்தது. இன்னும் கொஞ்சம் பெய்தது. மேலே ஏற ஏறக் குளிர் வேறு. கையில் எதுவும் நிற்கவில்லை.

உச்சியைத் தாண்டிக் கிழக்கே வந்தபோது அது துவைத்துப் போட்ட துணிபோல வெளுத்திருந்தது. கீழே குட்டை வெடித்துக் கிடந்தது. மிச்சமிருந்த சேற்றில் படுத்திருந்த தவளைகளை நகரச் சொல்லி, வரப்போகும் தண்ணீருக்கு இடம் ஒழித்து வைத்திருந்தது.

கண்ணில் படாமல் நழுவப் பார்த்தது மேகம். ஒளிந்துகொள்ள அந்த வானத்தில் இன்னொரு மேகம் இல்லை.

“வா, வா,” என்ற குட்டை, உற்றுப் பார்த்துவிட்டுப் பதறியது. “என்னப்பா இப்படி இளைச்சுப் போயிட்டே? வழியில ஒண்ணும் சாப்பிடலையா?”

அழுதுவிட்டால் தேவலை என்றிருந்தது மேகத்துக்கு. அதற்கும் ஒரு சொட்டு இல்லை.