ஏட்டையா பிடித்த ஆள்

ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாலே ஏட்டையாவுக்கு வயிற்றைப் பிரட்டும். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் அதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா?

“நீங்க மூணு பேரும் ஏறிட்டு வாங்கடா. பைகளை நான் பாத்துக்கறேன். வெளிநாட்டுல எவனையும் நம்பக் கூடாது” என்றார், பெரிய தியாகம் செய்கிறவர் போல.

பள்ளித் தோழர்கள் நால்வரும் சேர்ந்து வந்த முதல் வெளிநாட்டுப் பயணம். மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். பல் டாக்டர், மளிகைக்கடைக்காரர், தலைமையாசிரியர் ஆகிய மூன்று நரைத்த மீசைகளும் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றன. அவர்களுடைய செல்போன், பர்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் ஏட்டையாவின் தோளில்.

“பாஸ்போர்ட் பத்திரம்டா. அடுத்த வாரம் என் பொண்ணு கல்யாணம். வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி வந்திருக்கேன்” என்று டாக்டர் அங்கிருந்தே கத்தினார்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல என் கையை விட்டு ஒரு குண்டூசி போயிருக்காடா?”

“லாக்கப்புலேர்ந்து ரெண்டு பேர் போயிருக்கானுங்க” என்றார் மளிகை.

ஏட்டையா அதைக் காதில் வாங்காமல் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே அந்த ஆள்! மொட்டைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தோள் நிறையப் பைகள். அதில் ஒன்று பூப்போட்ட பெண்கள் கைப்பை. காலையிலிருந்து பார்க்கிறார், எதிலும் ஏறாமல் ஒவ்வொரு ராட்டினத்தடியிலும் அவன் நிற்கிறான். போதாததற்கு ஏட்டையாவின் பைகளையே உற்று உற்றுப் பார்க்கிறான்.

‘திருட்டுப் பயலே, என் கண்ணுலயே மண்ணைத் தூவப் பாக்கறியா?’

மொட்டை மெல்ல எழுந்து ஐஸ்கிரீம் கடைக்குப் பின்னால் நழுவினான். இத்தனை பைகளோடு எப்படித் துரத்துவது? பெஞ்சின் மறுகோடியில் தள்ளுவண்டியோடு ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குள் போர்வையில் குழந்தை. தலைக்கு மேல் ஊரே அலறியும் அது சிணுங்கக்கூட இல்லை. வளர்ப்பு அப்படி என்று ஏட்டையா மெச்சிக்கொண்டார். பிள்ளைக்காரியை நம்பாமல் வேறு யாரை நம்புவது? சைகை காட்டிப் பைகளை ஒப்படைத்தார். அவளும் சிரித்துத் தலையாட்டினாள்.

கடையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஆளைக் காணோம். திரும்புவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. மொட்டை! இப்போது அவனிடம் ஒரு பைகூட இல்லை. கூட்டாளியிடம் கைமாற்றிவிட்டான் போலும்.

ஏட்டையா அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அதே நேரத்தில் அவருடைய இன்னொரு மணிக்கட்டும் முறுகியது. அதே பிடி. கட்டைவிரல்கூட அதே இடத்தில். போலீஸ் பயிற்சியில் சொல்லித்தருகிற பிடி.

“யோவ், நீ போலீஸா?” என்றான் மொட்டை, சுத்தத் தமிழில்.

“ரிட்டயர்டு ஏட்டு. நீங்க?”

“ரிட்டயர்டு எஸ்.ஐ.”

ஏட்டையாவின் உடம்பு தானாக விறைத்தது. முறுக்கிய கையை விட்டுவிட்டு சல்யூட் அடித்தார்.

“எனக்குத் தலை சுத்தும்யா. அதான் குடும்பத்துப் பையெல்லாம் என் தோள்ல. எதுலயும் ஏறாம பையும் கையுமா நீ சுத்தினதைப் பாத்து, திருடன்தான்னு முடிவு பண்ணிட்டேன். பின்னாலேர்ந்து வந்து அமுக்கலாம்னு பெஞ்சைச் சுத்திக்கிட்டு வந்தா, நீ கடைப்பக்கம் போயிட்டே” என்றார் எஸ்.ஐ.

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினார்கள். தோழர்கள் மூவரும் தள்ளாடியபடி அங்கே நின்றிருந்தார்கள்.

“ஏட்டு, பை எங்கடா?” என்றார் டாக்டர்.

தாயையும் காணோம், தள்ளுவண்டியையும் காணோம். பெஞ்சில் குழந்தை மட்டும் கிடந்தது. பிளாஸ்டிக் குழந்தை. பை அதிகமானதில் வண்டியில் அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

“ஐயோ, என் பொண்ணு கல்யாணம்!” டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டையா எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். “சார், உங்க போனைக் குடுங்க. இந்த ஊர் போலீசைக் கூப்பிடுவோம்.”

எஸ்.ஐ. அந்தப் பொம்மையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

“நானும் அந்தம்மாகிட்டதான்யா எல்லாத்தையும் குடுத்துட்டு வந்தேன்.”