ஆள் கணக்கு

“அந்தச் செங்கல்லைத் தொடாத! போய் நிழல்ல நில்லு” என்று மாமியார் போட்ட அதட்டலில், மருமகள் கையிலிருந்த கல்லை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

கழிவறைக்கு இடம் பார்க்க வந்திருந்த ஓவர்சியரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. போன தடவை இதே மருமகள் இடுப்பில் குடத்தோடு கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். இதே மாமியார் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் புருஷன்காரன் முகத்தில் அடித்த மாதிரிப் பேசி அனுப்பியிருந்தான். “சுத்திலும் புதர் கெடக்கு. இதுல கக்கூஸ் வேறயா மேடம்?” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டுக்குக் காத்திருந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று அவனே போன் போட்டு வரவழைத்துவிட்டு, கடப்பாரையும் கையுமாக நிற்கிறான்.

“கிணத்துப் பக்கம் வேண்டாம். இந்த மூலைக்கு வாங்க.” ஓவர்சியரம்மா சுண்ணாம்புப் பொடியால் இரண்டு வட்டம் போட்டாள். “ஒரு குழி நிறைஞ்சா அதை மூடிட்டு அடுத்ததுக்குத் திருப்பி விடணும். மூடினது தானா மக்கி உரமாயிடும்.”

“ரெண்டு எதுக்கு மேடம்? ஒண்ணையே நல்லா ஆழமாத் தோண்டிடறேனே.”

“தோண்டுவீங்க, கழிவு கிணத்து ஊத்துல கலக்கும். அப்புறம் அதைத்தான் குடிக்கணும். அடியில சிமெண்ட்டும் பூசக் கூடாது. தண்ணி மண்ணுல இறங்கணும். ஆள் கணக்கை வச்சுத்தான் குழி அளவு. வீட்டுல எத்தனை பேர்?”

“அஞ்சு” என்றாள் மாமியார். “நானு, எங்க வீட்டுக்காரரு, என் பசங்க ரெண்டு பேரு, இவ.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வரப்போகுது. அதான் இந்த அவசரம்.”

ஓவர்சியரம்மா மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தலை குனிந்துகொண்டாள். வம்சம் என்று வந்தால்தான் இவர்களுக்கெல்லாம் மனசே இளகுகிறது.

“அப்ப ஆறு பேருக்குப் போட்டுடறேன்.”

“வேண்டாம், வேண்டாம். அஞ்சுக்கே போடும்மா.”

“அஞ்சு போதும் மேடம்” என்றான் அவனும், மண்ணைப் பார்த்தபடி.

நாலு செங்கல்லுக்கு இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டாள் ஓவர்சியரம்மா. ஆனால் மாமியார் அடுத்த மூச்சிலேயே தரைக்கு டைல்ஸ் கேட்டாள், உள்ளே லைட் கேட்டாள், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் கேட்டாள். இத்தனை வருடமாக மருமகள் ஒதுங்க ஒரு ஓலைத் தட்டிகூட வைத்துக் கொடுக்காத புண்ணியவதி! போகட்டும், கைக்குழந்தையா குழியை நிரப்பிவிடப் போகிறது என்று ஐந்து பேருக்கே அளவு சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது கை கழுவ மருமகள்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் வேறு யாருமில்லை.

“இனிமே பயந்துக்கிட்டுத் தண்ணி குடிக்காம இருக்காதம்மா. அடக்கியும் வைக்காத, உடம்புக்கு ஆகாது” என்றாள் ஓவர்சியரம்மா. அவளுக்கே மனசு நிறைந்திருந்தது. “எப்படியோ, உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. எத்தனாவது மாசம்?”

மருமகள் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அழுது தீர்த்துவிட்டவளின் முகம் அது. அதில் கோபம்கூட மிச்சமில்லை.

“கக்கூஸ் கட்டினாத்தான் அவருக்கு ரெண்டாவதா பொண்ணு தருவாங்களாம், மேடம்.”