எது அதிக நாள் பிடிக்கும்?

கட்டி முடிக்க இரண்டாயிரத்து அறுநூறு மணி நேரம் ஆகும் என்று காதில் விழுந்ததும் ரோண்டாவின் முகம் தெளிந்தது.

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வெண்டெல் துண்டுப் பிரசுரத்தை மறுபடி பார்த்தார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். மர விமானம். இறக்கையின் ஒவ்வொரு சட்டத்தையும் நாமே அறுத்து, ஒட்டி, காயவைக்க வேண்டும்.

"இது வேண்டாம்மா. வாங்கினவங்கள்ல பாதிப் பேர் பாதியில விட்டுட்டாங்க."

"அப்படியா," என்றாள் ரோண்டா. காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமைக் காலை. கிளப்பின் விமானக் கொட்டகைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. வெளியே புல் ஓடுபாதை, அதற்கப்பால் சோளம். அடுப்பருகே வெண்டெலின் பழைய கூட்டாளி ஆர்லோ எல்லோருக்கும் பான்கேக் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே விமானம் கட்ட ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு முப்பது வருடங்களாக வெண்டெல்தான் யோசனை சொல்கிறார். எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எதைச் சீக்கிரம் கட்டி முடிக்கலாம்?

எது அதிக நாள் பிடிக்கும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விமானம் ஓட்ட உரிமமும் வைத்திருந்தாள். கிளப்புக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவளுடைய பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே ஆர்லோ 'புது ஆள்' என்று எழுதியிருந்தான். மறுக்காமல் அதைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தாள்.

நாளை முதல் விலை ஏறுகிறது. முன்பணத்துக்குக் காசோலை எழுதி, கம்பெனி பெயரை மட்டும் காலியாக விட்டு, பையில் வைத்திருந்தாள். எந்தப் பெயரை எழுதுகிறாளோ அதற்கு அவளுடைய அடுத்த நாலைந்து வருடத்துச் சாயங்காலங்கள் போய்விடும். அது வெண்டெலுக்குத் தெரியும். அதனால்தான் அவருக்குக் கவலை.

"இவன்கிட்டயா யோசனை கேக்குற?" என்றான் ஆர்லோ, வெண்டெலைக் காட்டி. "இவன் கட்டுன இறக்கை ரெண்டும் பத்தொன்பது வருஷமா கராஜ் கூரையில தொங்குது. அதுல சிலந்திதான் குடும்பம் நடத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டெலும் சிரித்தார். ரோண்டா சிரிக்கவில்லை.

மூலையில் ஆர்லோவின் அலுமினிய இறக்கை பாதி முடிந்த நிலையில் கிடந்தது. அவளை அங்கே அழைத்துப் போனார். துளைகள் எல்லாம் போட்டே வரும், தகட்டைப் பொருத்தி ரிவெட் ஆணி அடித்தால் போதும், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதுதான் லாயக்கு என்று விளக்கினார்.

அவள் தகட்டின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மேஜையில் கிடந்த அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். மறுபடி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அரத்தை வைத்தாள்.

வெண்டெலுக்கு ஒன்றும் புரியவில்லை. புதிதாக வருகிறவர்கள் இறக்கையைத் தட்டிப் பார்ப்பார்கள். விளிம்பைத் தொடமாட்டார்கள்.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"ஆயிரத்து எண்ணூறு."

தெரிந்த பதிலைக் கேட்டவள் போலத் தலையசைத்தாள். "கம்மியா இருக்கே."

தனியாக இருக்கிறாளோ, பொழுது போகவில்லையோ என்று அவருக்குத் தோன்றியது. தயங்கித்தான் கேட்டார்.

"வீட்டுல ரொம்ப போரடிக்குதா?"

"வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மூணு நாய்," என்றாள். "போரடிச்சா நல்லா இருக்கும்."

அதுவும் இல்லை என்றால் வேறு என்ன?

அவள் காசோலையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மர விமானக் கம்பெனியின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

வெண்டெல் காசோலைமேல் கையை வைத்தார்.

"காலையிலேருந்து ரெண்டு தடவை கேட்டுட்டேன், நீ பதிலே சொல்லல. கட்டி முடிச்சு எங்க போகப் போற? அக்கா வீடோ, ஏரிக்கரையோ, எதையாவது சொல்லு. அது தெரியாம நாலு வருஷம் ஒட்டிக்கிட்டு உக்கார முடியாதும்மா. நான் அப்படித்தான் உக்காந்தேன்."

வெளியே யாரோ கிளம்பினார்கள். ஒரு மஞ்சள் விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடியது. பேச்சை நிறுத்திவிட்டு, எப்போதும் போல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோண்டாவும் பார்த்தாள். சக்கரம் தரையை விடும்போது அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சத்தம் சோளத்துக்கு மேலே போய்த் தேய்ந்த பிறகும் விடவில்லை.

"எங்க வீட்டுக் கொட்டகையில ஒண்ணு நிக்குது," என்றாள்.

"என்ன நிக்குது?"

"இதேதான். அலுமினியம். ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் ஆச்சு. போன வருஷம் மே மாசமே முடிச்சுட்டேன். அதிகாரி வந்து பார்த்து, பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்."

ஆர்லோ பான்கேக்கைத் திருப்பாமல் நின்றான். அது கருகத் தொடங்கியது.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போனதும் வெளிய எடுப்பேன். புல்தரை முனை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போவேன்," என்றாள் ரோண்டா. "மேல தூக்காமலே திரும்பி வந்துடுவேன்."