இரண்டரை அடிக் கதவு

"உங்க பிளானுக்கு ஒரு ஆட்சேபம் வந்திருக்கு சார்" என்றார் கவுன்சில் ஆபீஸ் கிளார்க் அம்மா.

பஸ் டிரைவருக்குச் சுருக்கென்றது. யார் என்று கேட்கவே தேவையில்லை.

"பக்கத்து வீட்டு வாத்தியார்தானே?"

"ஆமா. ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்."

"ரெண்டே பக்கமா? அந்த மனுஷனுக்கு அது போதாதே!"

கணக்கு வாத்தியார். ஊரில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால், டிரைவரின் பைக் தன் எல்லைக்குள் ஒரு சாண் நிற்கிறது என்று டேப்போடு வந்து அளந்து காட்டினார். வாய்த்தகராறு முற்றி, அன்றோடு பேச்சு நின்றது. வாத்தியாரின் மனைவி இறந்தபோதுகூட டிரைவர் தெருவோடு நின்று தலையைக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

போன வாரம் மறுபடியும் அதே டேப். கட்டட அனுமதி அறிவிப்பைக் கேட்டில் ஒட்டிய மறுநாளே, வாத்தியார் சுவரோரம் குனிந்து குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தார். அப்போதே டிரைவருக்குச் சந்தேகம்தான்.

"நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்? கீழே ஒரு ரூம், ஒரு பாத்ரூம். அவ்வளவுதாம்மா. இப்ப இருக்கிற பாத்ரூம் மாடியில. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில இருக்கிற என் பொண்டாட்டியால படியேற முடியல. ரெண்டு மாசமா அவ அக்கா வீட்டுல கிடக்கா."

"புரியுது சார்."

"காலையிலகூட போன் பண்ணினா. 'என்னங்க, எப்ப நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க'ன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? ஸ்கேல் மனசு வெச்சாதான்னு சொல்லவா?"

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

கிளார்க் அம்மா கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல படிங்க சார்."

முத்து முத்தான கையெழுத்து.

'இந்த பிளானை இப்படியே அனுமதிக்கக் கூடாது. பாத்ரூம் கதவு இரண்டரை அடி போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி அதில் நுழையாது. என் வீட்டில் நுழையவில்லை. கடைசி ஒரு வருஷம் என் மனைவியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குச் சிரமம் தரக் கூடாதென்று அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.'

டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

'கதவு மூன்றடி வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வேண்டும். அவ்வளவு நீள பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிறவருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. இடம் போதாவிட்டால், என் பக்கம் விதிப்படி காலியாக விட வேண்டிய இரண்டடியை விட வேண்டாம். சுவரை ஒட்டியே கட்டிக்கொள்ளட்டும். நானே அளந்து பார்த்துவிட்டேன். சரியாக வரும்.'

டிரைவர் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"இதைச் சம்மதம்னே எழுதியிருக்கலாமே? எதுக்கும்மா ஆட்சேபம்னு?"

"சம்மதக் கடிதம்னா ஃபைல்ல கோத்து வெச்சிடுவோம் சார், யாரும் பிரிச்சுப் படிக்க மாட்டாங்க. ஆட்சேபம்னா அதிகாரி வரி விடாம படிச்சு, பதில் கேட்டே ஆகணும். வாத்தியார் இதையெல்லாம் விசாரிச்சுட்டுத்தான் எழுதினார்."

"பக்கத்து வீடுதானே, எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நானும் கேட்டேன். 'நான் சொன்னா சண்டைக்கு வருவார். கவுன்சில் சொன்னா கேட்டுப்பார். அந்தம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்தா சரி'ன்னார்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவமானமாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கிளார்க் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார்.

"ஆட்சேபத்துக்கு உங்க பதிலை இதுல எழுதிக் கொடுங்க சார். பதினாலு நாள் டைம் இருக்கு."

டிரைவர் பேனாவைத் திறந்தார். எழுதாமலே மூடினார்.

"இதுக்கு எழுத்துல பதில் சொன்னா நான் மனுஷனே இல்லம்மா. அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று எழுந்தார்.