பின்பக்க வலது ஸ்பீக்கர்

நாற்காலி இன்றைக்கும் திரும்பியிருந்தது.

காலையில் ஞானசேகரன் அதை டிவி பக்கம் திருப்பி, தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தின்மேல் சரியாக வைத்துவிட்டுத்தான் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் வந்தால் அது பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிவிடி பிளேயரைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

“இலக்கியா, யாரு வந்தது?”

“யாரும் வரலியே மாமா. பெருக்கறப்ப நகர்ந்திருக்கும்.”

பெருக்கினால் நாற்காலி நகரும், சரி. பிளேயர் எப்படிச் சூடாகும்? ரிமோட்டில் எந்தப் பட்டன் எதற்கென்றே தெரியாது என்று சொன்னவள் அவள். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை.

கேசட்டில் கேட்டு வளர்ந்த பழைய இங்கிலீஷ் ராக் ஆல்பங்கள் என்றால் ஞானசேகரனுக்கு உயிர். அதே ஆல்பங்களை இப்போது வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து, முன்னும் பின்னும் ஐந்து ஸ்பீக்கருக்குப் பங்கு வைத்து டிவிடியாக விடுகிறார்கள். வந்த சம்பளத்தையெல்லாம் கொட்டி ஹோம் தியேட்டர் வாங்கிவிட்டான்.

சாயங்காலமானால் இலக்கியாவை நடு நாற்காலியில் உட்கார வைப்பான். தனக்கு ஒரு ஸ்டூல். அதை எந்தப் பக்கம் போட்டாலும் அவள் இழுத்துத் தன் இடப்பக்கம் வைத்துக்கொள்வாள். பஸ்ஸிலும் அவனை அந்தப் பக்கம்தான் உட்காரச் சொல்வாள். புதுப் பெண்டாட்டியின் கொஞ்சல் என்று அவனும் விட்டுவிட்டான்.

பாட்டு ஓட ஓடப் பரீட்சை நடக்கும்.

“கேட்டுச்சா? பின்னாடி வலது ஸ்பீக்கர்ல மட்டும் சலங்கை மாதிரி ஒண்ணு வந்துச்சே! கேசட்ல இதக் கண்டுபிடிக்கவே முடியாது.”

ஆரம்பத்தில் திருதிருவென்று விழித்துவிட்டு, “ம், கேட்டுச்சு மாமா” என்பாள். ஆனால் அன்றைக்கு அவளே, “தோ, பின்னாடி சலங்கை!” என்று வலது தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

அவள் கை காட்டிய பிறகுதான் சலங்கையே வந்தது.

சத்தம் வருவதற்கு முன்னாலேயே தெரிகிறதென்றால், யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த ஆல்பத்தில் சலங்கை எங்கே வரும் என்று தெரிந்தவர்கள் கடலூர் செம்மண்டலத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவன் ஞானசேகரன். இன்னொருவன் அடுத்த தெருவில் இருக்கும் அவன் சிநேகிதன் தமிழ்வேந்தன். இந்த ஸ்பீக்கர்களை ஆணியடித்து மாட்டிக்கொடுத்தவனே அவன்தான். இன்னும் கல்யாணமாகாதவன் வேறு.

அன்று ராத்திரி ஞானசேகரன் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்தில் இலக்கியா நிம்மதியாகத் தூங்கியது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினான். வழியில் தமிழ்வேந்தனுக்குப் போன் அடித்தான்.

“எங்கடா இருக்க?”

“வீட்டுலதான் மச்சான். ஏன்?”

‘யார் வீட்டுல?’ என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, இலக்கியாவை இன்றைக்கே ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவள் அப்பா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவது என்று முடிவே செய்துவிட்டான். அப்படி முடிவு செய்ததும் அழுகை முட்டியது. பெண் பார்க்கப் போன அன்றே அவளைப் பிடித்துப்போய், வீடு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தவன் அவன்.

தெரு முனையிலேயே பாட்டுக் கேட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பூனை மாதிரி கூடத்துக்குள் நுழைந்தான். ஹோம் தியேட்டர் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இலக்கியா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

“இப்பவா? இல்ல, இல்ல, இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப!”

கூடவே ஒரு சிரிப்பு.

கதவைத் தள்ளினான்.

அறையில் வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பின்சுவரைப் பார்த்துத் திருப்பிய நாற்காலியில் இலக்கியா மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பாட்டில் அதே இடத்தை ரிமோட்டால் பின்னுக்கு ஓட்டி ஓட்டிக் கேட்டு, சலங்கை வரும் இடத்தை விரல் மடக்கி எண்ணிப் பழகிக்கொண்டிருந்தாள்.

பாட்டை நிறுத்தினான். அவள் பதறி எழுந்தாள்.

“யாருடி சொல்லிக்குடுத்தது உனக்கு?”

“யாரும் சொல்லிக்குடுக்கல மாமா. நீங்க அமுக்கறதப் பாத்து நானா கத்துக்கிட்டேன்.”

“அதுக்கு எதுக்கு நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கற?”

“இப்படித் திரும்பி உக்காந்தாதான் அந்தச் சலங்கை எனக்குக் கேக்குது.”

“எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?”

“டெய்லி கேட்டுச்சா, கேட்டுச்சான்னு கேக்கறீங்க. ஒரு நாள் தப்பாச் சொல்லிட்டா கண்டுபிடிச்சிடுவீங்களே மாமா. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிடறேன்னேன். எங்கப்பாதான் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“என்னத்தச் சொல்லக் கூடாதுன்னு?”

இலக்கியா மெதுவாக வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“பொறந்ததுலேருந்தே இந்தக் காது கேக்காது மாமா.”